புதுமைப்பித்தனும் திரைத்தமிழும்

கெடிலக் கரையில் அமைந்த திருப்பாதிரிப்புலியூர், கல்லோடு பிணித்துக் கடலில் இடப்பெற்ற நாவுக்கரசர் கரையேறிய தலம் என்று சைவ மரபு கூறும். அத்தலத்தில் 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் சொ. விருத்தாசலம் பிறந்தார். புதுமைப்பித்தன் என்னும் பெயரால் தமிழுலகம் அறிந்த அவர், 1948ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள் திருவனந்தபுரத்தில் மறைந்தபோது அவருக்கு அகவை 42. சிறுகதை ஆசிரியர் என்ற நிலையில் அவரைப் பற்றி எழுதப்பட்டவை மிகப் பல. ஆயின், அவர் வாழ்வின் இறுதி ஆண்டுகளை விழுங்கிய திரைப்படப் பணி பெரும்பாலும் ஒரு பத்தியளவில் கூறி முடிக்கப்படுகிறது. பெரிய எழுத்தாளர் ஒருவர் பணத்தின் பொருட்டுத் தம் நிலையினின்று இறங்கினார், அதனால் அழிந்தார் என்பதே அப்பத்தியின் சாரமாக இருக்கும். அக்கருத்து எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை அவர்தம் வாழ்க்கை வரலாற்றைக் கொண்டே காணலாம்.

தென்னார்க்காட்டுப் பிள்ளைப் பருவம்

விருத்தாசலத்தின் தந்தையார் சொக்கலிங்கம் பிள்ளை. தாயார் பர்வதத்தம்மாள். குடும்பம் திருநெல்வேலியைச் சேர்ந்தது. தந்தையார் வருவாய்த் துறையில் தாசில்தாராகப் பணியாற்றியமையால், குடும்பம் அந்நாளைய தென்னார்க்காடு மாவட்டத்து ஊர்களில் தங்கி வாழ நேர்ந்தது. செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி ஆகிய ஊர்களில் விருத்தாசலத்தின் தொடக்கக் கல்வி நடந்தது. பிறந்த ஊரும், எழுத்தறிந்த ஊர்களும் இந்நிலத்தைச் சார்ந்தவை.

எட்டு வயதில் அவர் தாயை இழந்தார். தந்தையார் மறுமணம் செய்துகொண்டார். தாயற்ற பிள்ளையின் மனநிலை அவருடைய படைப்புலகில் ஆழ்ந்து தங்கியது. பிற்காலத்தில் அவர் எழுதிய குறுநாவல் ஒன்றின் பெயரே 'சிற்றன்னை' என்பது இங்கு நினைவில் கொள்ளத்தக்கது. இக்கட்டுரையின் இறுதியில் அந்நூலுக்கு மீண்டும் வர நேரும்.

1918இல் தந்தையார் ஓய்வு பெற்றுத் திருநெல்வேலிக்குத் திரும்பினார். விருத்தாசலம் அங்கேயே பள்ளிக் கல்வியை முடித்து, இந்துக் கல்லூரியில் பயின்று, 1931இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அந்த ஆண்டின் அக்டோபர்த் திங்களில்தான் தமிழின் முதல் பேசும் படமாகிய 'காளிதாஸ்' வெளிவந்தது. பட்டதாரி இளைஞர் ஒருவர் வேலை தேடித் தெருவில் இறங்கிய காலமும், தமிழ்த் திரை வாய் திறந்த காலமும் ஒன்றாக அமைந்துவிட்டன. அரசுப் பணியில் மகன் அமர வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனின் நாட்டமோ எழுத்தில் இருந்தது. திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கமலாவை மணந்த அவர், தந்தையோடு முரண்பட்டு, எழுதிப் பிழைப்பது என்னும் துணிவுடன் சென்னைக்குச் சென்றார்.

எழுத்தும் ஊதியமும்

டி. எஸ். சொக்கலிங்கம் நடத்திய 'காந்தி' இதழில் 1933இல் வெளிவந்த 'குலோப்ஜான் காதல்' என்னும் கட்டுரை அவரது முதல் அச்சுப் படைப்பு. அடுத்த ஆண்டு முதல் 'மணிக்கொடி'யில் அவர் கதைகள் வெளிவரத் தொடங்கின. 'துன்பக்கேணி', 'ஒரு நாள் கழிந்தது', 'சாபவிமோசனம்', 'செல்லம்மாள்', 'கபாடபுரம்' என அவர் கதைகள் ஒன்றுக்கொன்று நடையாலும் களத்தாலும் மாறுபட்டு நின்றன. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளில் நூறு கதைகள் என்னும் அளவில் எழுதினார். அவற்றோடு ஐம்பதையொட்டிய மொழிபெயர்ப்புக் கதைகள், வேளூர் வெ. கந்தசாமிப் பிள்ளை என்னும் பெயரில் கவிதைகள், நாடகங்கள், நூல் மதிப்புரைகள், முசோலினியைப் பற்றிய 'பேஸிஸ்ட் ஜடாமுனி' என்னும் நூல் ஆகியவற்றையும் படைத்தார். இவ்வளவும் ஓய்வு நேரத்தில் எழுதப்பெற்றவை. பகல் முழுதும் அவர் நாளிதழ்ப் பணியாளர்.

'ஊழியன்' இதழில் சிறிது காலம் பணியாற்றிய பின்னர், 'தினமணி'யில் பல ஆண்டுகள் உதவியாசிரியராக இருந்தார். 1943இல் ஆசிரியர் சொக்கலிங்கம் அங்கிருந்து விலகியபோது புதுமைப்பித்தனும் உடன் விலகினார். அடுத்த ஆண்டு தொடங்கப்பெற்ற 'தினசரி'யில் சேர்ந்தார். அதுவும் நெடுநாள் நீடிக்கவில்லை. கதைகளுக்கு இதழ்கள் தந்த சன்மானம் ஒரு குடும்பத்தை நடத்தப் போதியதன்று. சில இதழ்கள் அதுவும் தரும் நிலையில் இல்லை. மணிக்கொடியின் வரலாறே பொருள் முட்டுப்பாட்டின் வரலாறு எனலாம்.

இந்நிலையை அவர் முன்பே கதையாக்கியிருந்தார். 'ஒரு நாள் கழிந்தது' கதையின் முருகதாசர், மாபெரும் நாவல் ஒன்றை எழுதும் கனவோடு விளம்பர வாசகம் எழுதி நாள் கழிப்பவர். மூன்று ரூபாய்க் கடன் அவருடைய ஒரு மாலைப் பொழுதின் பெரும் போராட்டமாகிறது. 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. தில்லைக் கூத்தனே சென்னைக்கு வந்து பூவுலகில் பிழைக்க வழி தேடுகிறான். தனக்குத் தெரிந்த தொழில் ஆடல் ஒன்றே என்பதால், அம்மையுடன் செல்வர் ஒருவர் முன் ஆடிக்காட்டுகிறான். அந்த ஆட்டம் அவருக்குப் பிடிக்கவில்லை. தில்லையில் ஊழிக்கூத்தனாக வணங்கப்படும் கடவுளுக்கு நகரத்துக் கலைச் சந்தையில் இடமில்லை. 1943இல், திரைத்துறைக்குச் செல்லும் முன்னரே, இதனை எழுதியவர் புதுமைப்பித்தன். கலையை விலைபேசுவோர் எதனைக் கேட்பர், எதனை மறுப்பர் என்பதை அறியாமல் அவர் அத்துறைக்குச் செல்லவில்லை என்பதற்கு இக்கதையே சான்று.

மணிக்கொடியிலிருந்து திரைக்கு

திரைத்துறைக்குச் சென்ற முதல் இலக்கியவாதியும் அவர் அல்லர். கல்கியின் 'தியாகபூமி' 1939இல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் படமாயிற்று. மணிக்கொடியை நடத்திய பி. எஸ். ராமையா திரைக்கதை எழுதச் சென்றார். ந. பிச்சமூர்த்தி 1938இல் வந்த 'இராமானுஜர்' படத்தில் நடிக்கவும் செய்தார். மணிக்கொடியோடு தொடர்புடைய இளங்கோவன் 'அம்பிகாபதி' (1937), 'கண்ணகி' (1942), 'ஹரிதாஸ்' (1944) ஆகிய படங்களின் வாயிலாக, உரையாடல் எழுதுவோர்க்கு எனத் தனி மதிப்பைத் தேடித் தந்தார். அதுவரை, பாட்டுகளுக்கு இடையே கதையை நகர்த்தும் சில சொற்களே வசனம் எனப்பட்டது. தொடக்கக் காலப் படங்களில் ஐம்பதுக்கு மேற்பட்ட பாடல்கள் இடம்பெறுவதும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது கச்சாப் பிலிமுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, ஒரு படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேற்படலாகாது என அரசு வரையறுத்தது. படம் சுருங்கவே, பாட்டுகள் குறைந்தன. கதையைச் செறிவாகச் சொல்லும் உரையாடலுக்குத் தேவை பெருகிற்று. எழுதத் தெரிந்தவர்களைப் படக்கம்பெனிகள் தேடத் தொடங்கிய காலம் அது. நாளிதழ்ப் பணியை இழந்த புதுமைப்பித்தன் திரையின் பக்கம் திரும்பியதும் அக்காலத்தில்தான்.

உரையாடல் எழுதுவதற்கு அவரினும் தகுதி வாய்ந்தவர் அன்று தமிழில் அரியர். அவர் கதைகளில் மாந்தர்கள் பேசும் பேச்சே அவர்களை நம் முன் நிறுத்துகிறது. திருநெல்வேலிப் பிள்ளைமார் வீட்டுப் பேச்சு, சென்னைத் தெருப் பேச்சு, தேயிலைத் தோட்டத்துக் கூலியின் பேச்சு, புராண மாந்தரின் பேச்சு என ஒவ்வொன்றும் தன் ஓசை மாறாமல் ஒலிக்கும். விளக்கிச் சொல்லாமல் காட்டி நகரும் முறையும் அவருடையது. ஒரு காட்சியைப் பாதியில் வெட்டி மற்றொன்றுக்குத் தாவுவதும், ஒரு பொருளின் மீது பார்வையை நிறுத்தி மனநிலையை உணர்த்துவதும் அவர் கதைகளில் இயல்பாக நிகழ்வன. எனவே அவர் திரைக்குச் சென்றதை இலக்கியத்தைத் துறந்ததாகக் கொள்வதற்கில்லை. தம்மிடம் இருந்த ஒரு திறனை ஊதியம் தரும் இடத்துக்குக் கொண்டு சென்றார் என்பதே பொருந்தும்.

எனினும் அத்துறையின் செயல்முறை அவர் இயல்புக்கு மாறானது. இலக்கியத்தில் தழுவலை மொழிபெயர்ப்பு என்றோ சொந்தப் படைப்பு என்றோ காட்டுவதைக் கடுமையாகக் கண்டித்தவர் அவர். (அவருடைய தொடக்கக் காலக் கதைகளுள் சில மாப்பசானைத் தழுவியவை என்பது பின்னர்ச் சுட்டிக்காட்டப்பெற்றதையும் இங்குக் கூறுதல் வேண்டும்.) திரையுலகமோ பிறமொழிப் படங்களையும் நாடக மேடைக் கதைகளையும் எடுத்தாண்டு வளர்ந்த தொழில். அங்கு ஒருவர் எழுதியதை மற்றொருவர் திருத்துவர். முதலாளியின் விருப்பமும் நடிகரின் குரல் வளமும் கதையை மாற்றும். இறுதியில் எந்த வரி எவருடையது என்று பிரித்தறிய இயலாது. தம் பெயரில் வெளிவரும் ஒவ்வொரு சொல்லுக்கும் தாமே பொறுப்பேற்ற ஒருவர்க்கு இது புதிய உலகம்.

எழுதியவையும் எஞ்சியவையும்

ஜெமினி நிறுவனத்தின் 'ஔவையார்' படத்துக்காக அவர் எழுதினார். சங்கப் பாடலும் தனிப்பாடலும் நாட்டார் கதையும் ஒன்றுகூடிய ஔவையின் வரலாறு, பழந்தமிழ் இலக்கியத்தில் தோய்ந்த அவர்க்கு ஏற்ற பொருள். ஆயின் அப்படம் பல ஆண்டுகள் பல கைகளில் உருமாறி, கொத்தமங்கலம் சுப்புவின் இயக்கத்தில், கே. பி. சுந்தராம்பாள் நடிப்பில் 1953இல்தான் வெளிவந்தது. அப்போது புதுமைப்பித்தன் மறைந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. 'காமவல்லி' என்னும் படத்துக்கும் அவர் எழுதினார்.

பிறர்க்கு எழுதிக் கொடுப்பதினும் தாமே படமெடுத்தல் நன்று என்ற எண்ணமும் அவர்க்கு எழுந்தது. 'பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ்' என்ற பெயரில் படக்கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். அப்பெயர் இளமையில் இழந்த அன்னையின் பெயரை நினைவூட்டுவது. எடுக்க எண்ணிய படத்தின் பெயர் 'வசந்தவல்லி'. குற்றாலக் குறவஞ்சியின் தலைவி பெயரும் அதுவே. சொந்தமாக அச்சுக்கூடமோ சேமிப்போ இல்லாத ஓர் எழுத்தாளர் திரைப்பட முதலாளியாக முயன்றது, துணிவா பேதைமையா என்று வரலாற்றாசிரியர் வினவலாம். தாம் எழுதும் சொல்லின் மீது தமக்கே உரிமை இருத்தல் வேண்டும் என்னும் வேட்கை அதன் அடியில் இருந்திருக்கும் எனக் கருத இடமுண்டு. அம்முயற்சி நிறைவேறவில்லை. படம் வெளிவரவில்லை.

அதன் பின் வந்ததே 'ராஜமுக்தி'. எம். கே. தியாகராஜ பாகவதர் அந்நாளைய தமிழ்த் திரையின் முடிசூடா மன்னர். அவர் நடித்த 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளிகளைக் கண்டு சென்னையில் ஓடியது. இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தண்டனை பெற்றுச் சிறையிருந்த பாகவதர், 1947இல் விடுதலையானதும் தொடங்கிய படம் 'ராஜமுக்தி'. இயக்கியவர் ராஜா சந்திரசேகர். பி. பானுமதி, வி. என். ஜானகி, எம். ஜி. இராமச்சந்திரன் ஆகியோரும் அதில் நடித்தனர். படப்பிடிப்பு புனேயில் நடந்தது. அதற்கு உரையாடல் எழுதும் பொறுப்பை ஏற்றுப் புதுமைப்பித்தன் அங்குச் சென்றார்.

இழந்த புகழை மீட்க வந்த நடிகரும், இழந்த வாழ்வை மீட்க வந்த எழுத்தாளரும் ஒரே படத்தை நம்பினர். இருவர்க்கும் அப்படம் கைகொடுக்கவில்லை. புனேயில் புதுமைப்பித்தனின் உடலைக் காசநோய் வீழ்த்தியது. மனைவி கமலா கைக்குழந்தையுடன் திருவனந்தபுரத்தில் இருந்தார். மகள் தினகரி பிறந்தது 1946இல். கணவர் எழுதிய மடல்கள் பின்னாளில் 'கண்மணி கமலாவுக்கு' என்னும் நூலாக வெளிவந்தன. வரவேண்டிய பணம், வராத பணம், அனுப்ப இயலாத பணம் என்பனவே அம்மடல்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன. கதைகளில் எவரையும் எள்ளி நகையாடிய அம்மனிதரின் வேறொரு முகத்தை அவற்றில் காணலாம்.

காசநோய்க்கு மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கண்டறியப்பட்டிருந்தது. ஆயினும் 1948இன் இந்தியாவில் அது எளியோர் கைக்கு எட்டும் பொருளாக இல்லை. நோய் முற்றிய நிலையில் 1948 மே மாதத் தொடக்கத்தில் அவர் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தார். இரண்டு மாதங்களுக்குள் வாழ்வு முடிந்தது. 'ராஜமுக்தி' அவ்வாண்டின் பிற்பகுதியில் வெளிவந்து தோல்வியுற்றது.

காலத்தால் முந்திய வருகை

அவர் மறைந்த மறு ஆண்டில் அண்ணாவின் 'வேலைக்காரி' வெளிவந்தது. 1952இல் கலைஞர் கருணாநிதியின் உரையாடலுடன் 'பராசக்தி' வந்தது. உரையாடல் ஆசிரியர் பெயருக்காகவே மக்கள் கொட்டகைக்குச் சென்ற காலம் பிறந்தது. எழுத்தாளர் வறுமையுற்று வாசலில் நின்ற அதே தொழிலில், எழுத்தாளரே தலைமை பெற்றார். இன்னும் சில ஆண்டுகள் வாழ்ந்திருப்பின் புதுமைப்பித்தனுக்கும் அந்த ஏற்றம் கிடைத்திருக்கும் என எண்ணத் தோன்றும். ஆயின் அது உறுதியன்று. அப்புதிய உரையாடல் எதுகையும் மோனையும் அணிவகுத்த மேடைத்தமிழ். புதுமைப்பித்தனின் வலிமையோ குறைத்துப் பேசுவதிலும், பேச்சு வழக்கின் வறண்ட நகைப்பிலும் இருந்தது. அத்தகைய தமிழுக்குத் திரையில் இடம் பிறக்க மேலும் ஒரு தலைமுறை ஆயிற்று.

1979இல் மகேந்திரன் இயக்கிய 'உதிரிப்பூக்கள்' வெளிவந்தது. தமிழின் சிறந்த படங்களைக் கணக்கிடுவோர் எவரும் அதனை விட்டுவிடுவதில்லை. தாயிழந்த பிள்ளைகளைப் பற்றிய அப்படத்துக்குத் தூண்டுதலாக அமைந்தது புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'. கதைநிகழ்ச்சிகளை மகேந்திரன் பெரிதும் மாற்றினார். மிகைப் பேச்சைத் தவிர்த்து, காட்சியையும் அமைதியையும் பேச வைத்தார். புதுமைப்பித்தன் திரைக்கென எழுதிய எதனையும் இன்று பொதுமக்கள் நினைவுகூர்வதில்லை. திரையை எண்ணாமல் எழுதிய குறுநாவல் ஒன்றே, அவர் மறைந்து 31 ஆண்டுகளுக்குப் பின் தமிழ்த் திரைக்கு ஒரு செல்வமாயிற்று. எட்டு வயதில் நேர்ந்த இழப்பின் நிழல் அதில் விழுந்திருக்கிறது என்று கூறின் மிகையாகாது.

கடலூர் ஈன்ற மற்றோர் எழுத்தாளராகிய ஜெயகாந்தன், 'உன்னைப்போல் ஒருவன்' கதையைத் தாமே இயக்கி 1965இல் வெளியிட்டார். அது தேசிய அளவில் பாராட்டுப் பெற்றது. 'வசந்தவல்லி'யில் நிறைவேறாத ஆசை, அதே மண்ணில் பிறந்த வேறொருவர் கையில் நிறைவேறியது எனலாம். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் தமிழ் எழுத்தாளர் அடைந்த நிலைமாற்றத்தையும் இது காட்டும்.

நினைவும் கடமையும்

புதுமைப்பித்தன் மறைந்த பின்னர் நண்பர்கள் குடும்பத்துக்கு உதவ நிதி திரட்டினர். தொ. மு. சி. ரகுநாதன் 1951இல் அவர் வரலாற்றை நூலாக்கினார். தாமும் சிறுகதைகள் எழுதிய கமலா விருத்தாசலம், அவற்றைக் 'காசுமாலை' என்னும் தொகுப்பாக வெளியிட்டார். 2002இல் தமிழக அரசு புதுமைப்பித்தன் படைப்புகளை நாட்டுடைமையாக்கியது. இவையனைத்தும் நன்றே. ஆயின் 'ஓடாதீர்' என்னும் தம் கவிதையில், இறந்த பின் தமக்கு நிதி சேர்க்க வேண்டா, கல்லில் நினைவு எழுப்ப வேண்டா என்று அவரே முன்கூட்டி மறுத்திருக்கிறார் என்பதைக் கவிஞர்கள் அறிவர். வாழும்போது கண்டு ஓடிவிட்டு, மாண்டபின் கூடி நிற்கும் வழக்கத்தின் மீது எறியப்பட்ட கல் அக்கவிதை.

உடன் எழுதுவோரை அவர்கள் வாழும்போதே மதிப்பது எவ்வாறு என்பதற்கும் அவரிடமே முன்மாதிரி உண்டு. சிதம்பரத்தில் வாழ்ந்து 1985இல் மறைந்த மௌனி, மிகக் குறைவாக எழுதியவர். அன்று பலர்க்கும் விளங்காதவர். அவரைச் சிறுகதையுலகின் திருமூலர் என ஏற்றிப் போற்றியவர் புதுமைப்பித்தன். தம்மினும் முற்றும் மாறுபட்ட ஒருவரை, அவர் எழுதிக்கொண்டிருந்த நாளிலேயே, அச்சமின்றிப் பாராட்டினார். தமக்குக் கிடைக்காத ஒன்றைப் பிறர்க்குத் தந்தார்.

திரைப்படம் புதுமைப்பித்தனைக் கொன்றது என்று கூறுவது எளிது. கதை எழுதியவனுக்கு அக்கதையால் உண்ண இயலாத நிலையே அவரைப் புனேக்கு அனுப்பியது. அந்நிலைக்குத் திரையுலகம் மட்டும் பொறுப்பன்று, படித்து மகிழ்ந்த தமிழுலகமும் பொறுப்பு. திருப்பாதிரிப்புலியூரில் கல் தெப்பமாயிற்று என்பது மரபு. அவ்வூரில் பிறந்த எழுத்தாளர்க்கு அவர் எழுத்து தெப்பமாகவில்லை. இந்நிலத்தில் இன்றும் எழுதுகின்ற ஒருவரின் நூலை விலை கொடுத்து வாங்குவதும், அவர் கவிதையை அவர் முன்னிலையிலேயே படித்துப் பேசுவதும், இலக்கிய வட்டம் ஒன்று புதுமைப்பித்தனுக்குச் செலுத்தும் உண்மையான நினைவாகும்.